ரிதிதென்னை எங்கே போனது

எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் மூன்று மாதமாக ஒரு பட்டியல் சுற்றிக்கொண்டிருந்தது. எங்கள் மட்டக்களப்பு மாமாங்கக் கோயில் தீர்த்தம் முடிந்த கையோடு இந்தியாவுக்குப் போவதற்கான பயணத் திட்டம். மாமி, பெரியத்தான் குடும்பம், மச்சாள் குடும்பம், நாங்கள் என்று பதினொரு பேர். காங்கேசன்துறையில் கப்பலேறி நாகப்பட்டினத்தில் இறங்குவது, அங்கே சாரதியோடு ஒரு டெம்போ ட்ராவலர் பிடிப்பது, வேளாங்கண்ணி, தஞ்சாவூர், ராமேஸ்வரம், மதுரை, சென்னை, திருப்பதி என்று எட்டு நாளில் சுற்றுவது, சென்னையிலிருந்து பலாலிக்குப் பறந்து வருவது. அங்குள்ள ஒரு பயண முகவர் போட்டுக் கொடுத்த திட்டம் அது. வந்த அன்று எல்லோரும் பூவும் கும்பிட்ட கையும் அனுப்பினார்கள். நானும் ஒரு கும்பிட்ட கையைப் போட்டுவிட்டுப் போய்விட்டேன். இரண்டு நாள் கழித்து வங்கியில் வரிசையில் நிற்கும்போது பொழுது போகாமல் அதை மறுபடி திறந்து, இந்த முறை ஒவ்வொரு வரியாக வாசித்தேன். ஐந்தாம் நாளில் கண் நின்றுவிட்டது.

ஐந்தாம் நாள்: அதிகாலை அக்னி தீர்த்தம், ராமநாதசுவாமி தரிசனம், மதியம் மதுரை, மாலை மீனாட்சி அம்மன், இரவு 9 மணிக்குப் புறப்பாடு, லாட்ஜ் செலவு மிச்சம். ஆறாம் நாள்: காலை 5 மணி சென்னை, ஃப்ரெஷ் அப், மதியம் திருப்பதி. அவ்வளவுதான். வாசிக்கும்போது எவ்வளவு லேசாக இருக்கிறது! நான் அந்த வரிசையிலேயே நின்று கணக்குப் போட்டேன். நாங்கள் விடியற்காலைத் தீர்த்தமாட வேண்டுமென்றால் சாரதி மூன்றரைக்காவது எழும்ப வேண்டும். ராமேஸ்வரத்திலிருந்து மதுரை ஏறக்குறைய 170 கிலோமீற்றர். நாங்கள் கோயிலுக்குள் நிற்கும்போது அவர் வெயிலில் வண்டி நிறுத்துமிடத்தில் இருப்பார். அப்புறம் இரவு முழுக்க மதுரையிலிருந்து சென்னைக்கு 460 கிலோமீற்றர். சென்னையில் அவர் வண்டியை நிறுத்தும்போது, எழும்பி இருபத்தைந்து மணித்தியாலம் தாண்டியிருக்கும். அதன் பிறகுதான் திருப்பதி. பட்டியலில் இருந்த ‘ஃப்ரெஷ் அப்’ எங்களுக்கானது. ஓட்டுகிறவருக்கு என்ன என்று எந்த வரியிலும் இல்லை.

தூக்கம் பற்றிய ஆய்வுகளில் ஒரு கணக்கு அடிக்கடி வரும். பதினேழு மணித்தியாலம் விழித்திருப்பவரின் கவனமும் கை கால் வேகமும், இரத்தத்தில் 0.05 வீதம் மதுசாரம் உள்ளவருடையதைப் போல ஆகிவிடும். இருபத்துநான்கு மணித்தியாலத்தில் அது 0.10 அளவுக்குப் போய்விடும். இந்தியாவில் வாகனம் ஓட்டுகிறவருக்குச் சட்டம் அனுமதிக்கும் எல்லை 0.03. நம் நாட்டில் 0.08. அதாவது எங்கள் ஆறாம் நாள் காலையில் சாரதி ஒரு சொட்டுக் குடிக்காமலேயே இரண்டு நாட்டுச் சட்டத்தையும் தாண்டின நிலையில் இருப்பார். குடித்திருக்கிறார் என்று தெரிந்தால் அந்த வண்டியில் மாமியையும் பிள்ளைகளையும் ஏற்றுவோமா? ஊதிப் பார்க்கும் கருவியில் தூக்கம் காட்டாது. வித்தியாசம் அது ஒன்றுதான்.

நாங்கள் பயந்ததெல்லாம்

எங்கள் வீட்டில் பயம் இல்லாமல் இல்லை. மூன்று மாதமாகப் பயத்தைத்தான் பேசினோம். தண்ணீர் போத்தலை மூடி உடையாமல் வாங்க வேண்டும். நகை கொண்டுபோகக் கூடாது. பாஸ்போட்டை இடுப்பில் கட்டிக்கொள்ள வேண்டும். கோயில் வாசலில் யாராவது கையில் பூவைத் திணித்தால் வாங்கக் கூடாது. இலங்கைத் தமிழர் என்றால் பொலிஸ் அதிகம் கேட்குமோ என்று மச்சாளுக்கு ஒரு கவலை. இவற்றில் சில நியாயமானவை. உதாரணமாக, வெளிநாட்டவர் தங்கினால் விடுதிக்காரர் இருபத்துநான்கு மணித்தியாலத்துக்குள் ‘சி’ படிவம் பதிய வேண்டும். அந்தச் சோலி வேண்டாமென்று சின்ன லாட்ஜுகள் நம்மைத் திருப்பி அனுப்புவதுண்டு. முன்கூட்டியே கேட்டு வைக்காவிட்டால் இரவு பத்து மணிக்குப் பிள்ளைகளோடு தெருவில் நிற்க வேண்டிவரும். ஆனால் ஒன்றைக் கவனித்தேன். நாங்கள் பயந்த எதிலும் யாரும் சாகமாட்டார்கள்.

பெரியத்தானுக்கு வேறு ஆசை. தன்னுடைய ஹயஸ் வானையே கொண்டுபோக வேண்டும் என்று நின்றார். 2023 ஒக்டோபரில் தொடங்கிய அந்தக் கப்பல் ஆட்களை மட்டும்தான் ஏற்றும், வண்டி ஏற்றாது. சரக்குக் கப்பலில் அனுப்பினாலும் கார்னே என்ற சுங்கப் பத்திரம் வேண்டும், வண்டியைத் திருப்பிக் கொண்டுபோவேன் என்பதற்குப் பெருந்தொகை பிணை வைக்க வேண்டும். அது முடியாதென்று தெரிந்ததும், சர்வதேச சாரதி அனுமதிப்பத்திரம் எடுத்து அங்கே வாடகைக்கு வாங்கி ஓட்டலாம் என்றார். இரண்டு நாட்டிலும் இடப்பக்கம்தானே! அதுவும் ஒரு கிழமை ஓடியது. கடைசியில் மச்சாள்தான் முடித்து வைத்தா. “இந்தியா றோட்டுல நீங்க ஓடினா நான் ஏறமாட்டன். அங்க மனிசர் ஓடுற றோட்டா அது?”

அந்தப் பேச்சு எனக்குச் சரியாகப் படவில்லை. இந்தியாவில் 2022ஆம் ஆண்டு வீதி விபத்தில் இறந்தவர்கள் 1,68,491 பேர் என்று அந்நாட்டு அமைச்சின் அறிக்கை சொல்கிறது. கேட்கும்போதே நெஞ்சு திடுக்கிடும் எண்தான். ஆனால் அங்கே 140 கோடிப் பேர் இருக்கிறார்கள். ஒரு லட்சம் பேருக்கு என்று வகுத்தால் பன்னிரண்டு வரும். நம் நாட்டில் அண்மைய ஆண்டுகளில் ஆண்டுக்கு 2,300க்கும் 2,700க்கும் இடையில் இறந்திருக்கிறார்கள். ஏறக்குறைய 2.2 கோடி சனத்துக்கு வகுத்தால் பத்திலிருந்து பன்னிரண்டு. கடலைத் தாண்டுவதால் கூடும் ஆபத்து நாங்கள் நினைத்த அளவு இல்லை. நாங்கள் அதே ஆபத்தோடுதான் இங்கே தினமும் பஸ் ஏறுகிறோம். 2023 ஜூலையில் மன்னம்பிட்டிப் பாலத்தில், கதுருவெலயிலிருந்து நம் பக்கம் வந்துகொண்டிருந்த பஸ் ஆற்றில் விழுந்து பத்துப் பேருக்கு மேல் இறந்தார்கள். அந்தக் கிழமை எங்கள் அலுவலகத்தில் யாருக்கும் வேலை ஓடவில்லை. எல்லோருக்கும் தெரிந்த யாரோ ஒருவருக்குத் தெரிந்தவர் அந்த பஸ்ஸில் இருந்தார். 2025 மே 11 விடியற்காலையில் கதிர்காமத்திலிருந்து குருநாகல் போன பஸ் கொத்மலையில் விழுந்தது, இருபது பேருக்கு மேல். அதே ஆண்டு செப்டம்பர் 4 இரவு, சுற்றுலா போய்த் திரும்பியவர்கள் எல்ல–வெல்லவாய வீதியில், பதினைந்து பேர். ஒவ்வொரு முறையும் இரண்டு நாள் பேசினோம். மூன்றாம் நாள் இரவு பஸ்ஸுக்கு இருக்கை பதிந்தோம்.

நம் ஊர் ஆட்களுக்கு ஆபத்தைக் கணக்குப் பார்க்கத் தெரியாது என்று யாரும் சொல்ல முடியாது. என் அப்பா கொழும்புக்கு ஒரு முறை போய்வர மூன்று நாள் யோசிப்பார். எந்தப் பாதை திறந்திருக்கிறது, எந்தச் சோதனைச் சாவடியில் எத்தனை மணிக்குப் பிறகு விடமாட்டார்கள், யார் கூட வருகிறார்கள், அடையாள அட்டை எந்தச் சட்டைப்பையில் என்று ஒவ்வொன்றாகப் பார்ப்பார். இருட்டுவதற்குள் வீட்டில் இருக்க வேண்டும் என்பதுதான் எல்லாவற்றுக்கும் மேலான சட்டம். இரவில் பஸ்ஸில் நித்திரை கொண்டு விடியக் கொழும்பில் இறங்குவது என்பது சண்டை முடிந்தபின் கிடைத்த சுகம். அந்தச் சுகத்தை நான் குறைத்துச் சொல்லவில்லை, எவ்வளவு விலை கொடுத்துக் கிடைத்தது என்று எனக்குத் தெரியும். ஆனால் அப்பாவுக்கு இருந்த அந்தக் கணக்குப் பார்க்கும் பழக்கத்தையும் அதோடு சேர்த்துக் கைவிட்டுவிட்டோமோ என்று அந்தப் பட்டியலை வாசித்தபிறகு தோன்றிக்கொண்டே இருக்கிறது.

சாய்மனைக் கதிரையில் இருந்த மாமா

எங்கள் வளவுக்கு அடுத்த வளவில் ஒரு மாமா இருக்கிறார். சொந்தம் இல்லை, ஊர்முறைக்கு மாமா. மட்டக்களப்பு–கொழும்பு இரவு பஸ் இருபத்திரண்டு வருடம் ஓட்டியவர். இப்போது முழங்கால் நோவு, பின்னேரம் முற்றத்தில் சாய்மனைக் கதிரையைப் போட்டு இருப்பார். முருங்கைக்காய் கொடுக்கப் போன இடத்தில் இந்தியா போகிற கதையைச் சொன்னேன். மூன்று மாதமாக எத்தனையோ பேர் எத்தனையோ கேட்டார்கள். அவர் கேட்ட முதல் கேள்வி இது: “சாரதி ஒராளா, ரெண்டாளா?”

ஒருவர் என்றேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. வெற்றிலைத் தட்டத்தை இழுத்து, ஒரு வெற்றிலையை எடுத்துக் காம்பைக் கிள்ளி, நரம்பை நகத்தால் மெதுவாக உரித்தார். எனக்கு அந்தக் கைகள் நன்றாக ஞாபகம் இருக்கின்றன. வலது கைப் பெருவிரல் அடியில் கறுத்துக் காய்த்துப் போன ஒரு வட்டம், ஸ்டியரிங் பிடித்த தழும்பு, ஓய்வு பெற்று ஆறு வருடமாகியும் போகவில்லை. சுண்ணாம்பு தடவிக்கொண்டே சொன்னார்:

“நித்திர வந்தா தெரியும் மகள். நித்திர கொண்டது தெரியாது.”

பிறகு அந்த இரவைச் சொன்னார். கொழும்பிலிருந்து வந்துகொண்டிருக்கிறார். முதல் நாளும் ஓட்டம், பகலில் பிள்ளைக்குக் காய்ச்சலென்று ஆஸ்பத்திரியில் நின்றதால் படுக்கவில்லை. “ஹபரணயில தேத்தண்ணி குடிச்சி, முகம் கழுவிட்டு ஏறினன். மன்னம்பிட்டிப் பாலம் நல்லா ஞாபகம். வெலிக்கந்தையில ஒரு பெட்டையும் தகப்பனும் இறங்கினாங்க, பெரிய சாக்கு ஒண்டு, கொண்டக்டர் பொடியன்தான் இறக்கிக் குடுத்தான். அதுக்கு மறுகா எனக்கு ஞாபகத்துல இருக்கிறது ஓட்டமாவடி. நடுவுல ரிதிதென்னை இருக்கெல்லா? நான் அதக் காணல்ல மகள். பஸ் ஓடி வந்திருக்கு. வளைவெல்லாம் வளைச்சிருக்கன். கண்ணும் திறந்துதான் இருந்திருக்கும். ஆனா நான் அங்க இல்ல.”

வெற்றிலையை மடித்து வாயில் வைக்காமல் கையிலேயே வைத்திருந்தார். “அம்பத்திநாலு பேர் இருந்தாங்க. எல்லாரும் நல்ல நித்திர. ஒராளுக்கும் தெரியாது. மட்டக்களப்பில இறங்கி ‘வாறன் அண்ணே’ எண்டு சொல்லிட்டுப் போறாங்க. எனக்குக் கால் நடுங்குது.”

வீட்டுக்கு வந்ததும் நான் செய்த முதல் வேலை ஒரு பெருக்கல். மணிக்கு 80 கிலோமீற்றர் என்றால் ஒரு வினாடிக்கு 22 மீற்றர். நான்கு வினாடி கண் சொருகினால் ஏறக்குறைய 90 மீற்றர். நம் கல்லடிப் பாலத்தில் மூன்றில் ஒரு பங்கை ஆளில்லாத வண்டி கடப்பது போல. இதற்கு நுண்துயில் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். விடியப்புறம் இரண்டிலிருந்து ஆறு மணி வரையும், மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகும் உடம்பு தானாகவே அதை நோக்கிச் சரியும். பழக்கமான சாரதி, பழக்கமில்லாத சாரதி என்ற பேதம் அதற்கு இல்லை. மாமா பச்சைக் கொச்சிக்காயைக் கடித்துப் பார்த்திருக்கிறார், யன்னலைத் திறந்து பார்த்திருக்கிறார், பாட்டைக் கூட்டிப் பார்த்திருக்கிறார். எல்லாம் பத்து நிமிடம் தாங்கும் என்றார்.

“அப்ப என்னதான் செய்வீங்க?” என்று கேட்டேன்.

“நிப்பாட்டிட்டு இருவது நிமிசம் படுக்கணும். வேற மருந்தில்ல. ஒள்ளுப்பம் கண்ணயர்ந்தாப் போதும், உடம்பு திரும்ப வந்திரும். ஆனா ஆர் விட்டாங்க? பின்னால இருந்து கத்துவாங்க. ‘என்னண்ணே நிப்பாட்டிட்டீங்க, விடியிறதுக்குள்ள போகவேணும்.’”

இதைக் கேட்டதும் எனக்கு முகம் சுட்டது. 2016இல் ஒரு நேர்முகத் தேர்வுக்காகக் கொழும்பு போனேன். தம்புள்ளை தாண்டி ஓர் இடத்தில் பஸ் நின்றது. விளக்கை அணைத்துவிட்டுச் சாரதி ஸ்டியரிங்கில் தலையை வைத்துப் படுத்துவிட்டார். ஐந்து நிமிடம் பொறுத்தேன், பத்து நிமிடம் பொறுத்தேன். பிறகு எழும்பிப் போய் நடத்துனரிடம், எட்டு மணிக்கு எனக்கு நேர்முகத் தேர்வு இருக்கிறது, இப்படி நித்திரை கொள்வதென்றால் எதற்கு டிக்கெட் தந்தீர்கள் என்று சத்தமாகச் சொன்னேன். எனக்குப் பின்னால் இன்னும் இரண்டு பேர் சேர்ந்தார்கள். நடத்துனர் சாரதியின் தோளைத் தட்டினார். அவர் ஒன்றும் பேசாமல் போத்தல் தண்ணீரை முகத்தில் ஊற்றிக்கொண்டு வண்டியை எடுத்தார். நான் ஏழே காலுக்குக் கோட்டையில் இறங்கினேன். அன்று எனக்கு அது ஒரு நியாயமான சண்டை. மாமாவின் முற்றத்தில் நிற்கும்போதுதான், அந்த மனிதர் அன்று எங்களைக் காப்பாற்றப் பார்த்தார் என்பதும், நான் அதைத் தடுத்தேன் என்பதும் புரிந்தது.

மாமி கேட்ட கேள்வி

அடுத்த நாள் முகவருக்கு அழைப்பு எடுத்தேன். “ஒரே டிரைவர்தான் மேடம், அவருக்கு இதெல்லாம் பழக்கம்” என்றார். சாரதி எங்கே படுப்பார் என்று கேட்டேன். “வண்டியிலேயே படுத்துக்குவாரு.” அதைச் சொல்லும்போது அவருடைய குரலில் எந்த மாற்றமும் இல்லை, அது அவ்வளவு சாதாரணம். அந்த நாட்டில் சட்டம் இல்லாமல் இல்லை. 2025 வரை நடைமுறையில் இருந்த 1961ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் பொதுவாக நாளைக்கு எட்டு மணித்தியால வேலை என்றும், ஐந்து மணித்தியாலத்துக்கு மேல் தொடர்ந்து வேலை வாங்காமல் அரை மணித்தியால ஓய்வு கொடுக்க வேண்டும் என்றும் சொன்னது. தமிழ்நாட்டில் 2023இல் கட்டட விதிகளையே திருத்தி, விருந்தினர்களின் சாரதிகளுக்கு விடுதிகள் படுக்கும் இடம் ஒதுக்க வேண்டும் என்று கொண்டுவந்தார்கள். ஆனால் திட்டம் போடுகிறவர்கள் கேட்காவிட்டால் சட்டம் தானாக வந்து படுக்கை விரிக்காது. திட்டம் போடுவது நாங்கள்.

வீட்டில் பேச்சு வந்தது. மதுரையில் தங்கிவிட்டு மறுநாள் பகலில் சென்னை போவதென்றால் ஒரு நாள் கூடும். நான்கு அறை, வண்டியின் ஒரு நாள் வாடகை, சாரதியின் பேட்டா, சாப்பாடு எல்லாம் சேர்த்து 14,000 இந்திய ரூபா. எங்கள் காசில் ஐம்பதாயிரத்துக்குக் கிட்ட. காசைக் கூட்ட முடியாதென்றால் ஓரிடத்தை வெட்ட வேண்டும். பெரியத்தான் கோபப்படவில்லை, ஆனால் கேட்டார்: “இவ்வளவு காலமும் இப்பிடிப் போனவங்க எல்லாம் திரும்பி வரல்லியா?” வந்தார்கள். நான் அதை மறுக்கவே முடியாது. இதே திட்டத்தில் நூறு குடும்பம் போனால் நூறும் நல்லபடியாகத் திரும்பி வரலாம். ஆயிரத்தில் எத்தனை என்று என்னிடம் கணக்கில்லை. என்னிடம் இருந்தது வேறு கணக்கு. அந்த வண்டியில் எங்கள் மூன்று வீடும் இருக்கும். மாமியும், மாமியின் மூன்று பிள்ளைகளும், ஐந்து பேரப்பிள்ளைகளும். சந்தையில் முட்டை வாங்கினால்கூட எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டு மோட்டார் சைக்கிளில் தொங்கவிடமாட்டோம். அதைச் சொன்னேன். பெரியத்தான் கொஞ்ச நேரம் தொலைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வெட்டுவதென்றால் எதை? ராமேஸ்வரத்தில் மாமாவுக்கு, என் கணவரின் அப்பாவுக்கு, செய்ய வேண்டிய கடன் இருக்கிறது. திருப்பதி மாமியின் நேர்த்தி. சின்ன மகனுக்கு டெங்கு வந்து ஆஸ்பத்திரியில் கிடந்த நாளில் வைத்த நேர்த்தி, ஒன்பது வருடமாகிறது. மாமி இரண்டிலும் ஒன்றையும் விடச் சொல்லவில்லை, வேண்டும் என்றும் சொல்லவில்லை. வாழைப்பூ உரித்துக்கொண்டிருந்தா. அந்த மௌனத்தைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை. என்னுடைய பயத்துக்காக ஒரு வயதான மனுசியின் ஒன்பது வருட நேர்த்தியைத் தள்ளிப் போடுகிறேனோ, இது அக்கறையா அல்லது என் மனப் பாரத்தை மற்றவர் தலையில் இறக்குவதா என்று அன்றிரவு நித்திரை இல்லை. நடக்காத விபத்தைக் காட்டி யாரையும் சம்மதிக்க வைக்க முடியாது. தடுத்தோம் என்பதற்குச் சாட்சியே கிடைக்காது.

காலையில் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருக்கும்போது மாமி கேட்டா: “அங்க உதயதேவி மாதிரி ஒரு கோச்சி இல்லியா?”

மட்டக்களப்புக்கும் கொழும்புக்கும் இடையில் ஓடும் நம் உதயதேவி ரயிலைச் சொன்னா. எனக்கு வெட்கமாகிவிட்டது. இருக்கிறது. மதுரையிலிருந்து இரவு புறப்பட்டு விடிய சென்னை எழும்பூருக்குப் போகும் பாண்டியன் எக்ஸ்பிரஸ். அதே இரவு, அதே தூரம், படுத்துக்கொண்டு போகலாம். ஓட்டுகிறவர்களுக்கு முறை மாற்றம் உண்டு. வானை மதுரையில் விட்டுவிட்டு, சென்னையில் இரவு நித்திரை கொண்டு எழும்பிய வேறு ஒரு சாரதியோடு வேறு வண்டி. முதல் வண்டி நாகப்பட்டினத்துக்கு வெறுமையாகத் திரும்பும் கிலோமீற்றருக்கும் காசு கேட்டார்கள். கொடுத்தாலும் ஒரு நாள் தங்குவதைவிடக் குறைவு. இருக்கைப் பதிவு பயணத்துக்கு அறுபது நாள் முன்புதான் திறக்கும் என்பதால் அந்தத் திகதியை நாட்காட்டியில் மாமியே பேனையால் வட்டம் போட்டு வைத்திருக்கிறா.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன், யாருக்காவது உதவலாம். வாடகை வண்டிக்கு மஞ்சள் நம்பர் பலகை இருக்க வேண்டும். சொந்தப் பாவனைக்கான வெள்ளைப் பலகை வண்டியை வாடகைக்குப் பிடித்து ஏதாவது நடந்தால் காப்புறுதி கைவிரிக்கலாம். வண்டியின் படம் கேட்டபோது வெளிப்புறப் படங்களாக அனுப்பினார்கள்; உள்ளே ஆசனப்பட்டிகளைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னேன். இரண்டு வரிசையில் பட்டி மெத்தைக்கு அடியில் போய்க் கிடந்தது, வெளியே எடுத்து வைப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள். பின்னால் இருப்பவருக்குப் பட்டி எதற்கு என்று கேட்பவர்களுக்கு, 2022 செப்டம்பரில் இந்தியத் தொழிலதிபர் சைரஸ் மிஸ்திரி இறந்தது பின்னிருக்கையில், பட்டி அணியாமல். இங்கே 1990 என்று நாம் கூப்பிடும் அம்புலன்ஸுக்கு அங்கே 108. தமிழ்நாட்டு எல்லைக்குள் விபத்து என்றால் முதல் 48 மணித்தியால அவசர சிகிச்சை இலவசம். 2021 டிசம்பரில் வந்த திட்டம் அது, வெளிநாட்டவருக்கும் பொருந்தும். தங்கும் ஒவ்வொரு லாட்ஜிலும் சாரதிக்குப் படுக்கை உண்டா என்று கேட்டுவிட்டேன். இல்லாத இடத்தில் அறைக்கு நாங்களே காசு கொடுப்பது என்று முடிவு.

பட்டியலின் முதல் வரி

திருத்தின பட்டியலைக் குழுவில் போடுவதற்கு முன் மாமாவிடம் காட்டினேன். கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு விரலால் தள்ளித் தள்ளி வாசித்தார். ரயில் வந்த இடத்தில் தலையை ஆட்டினார். பிறகு மேலே போனார்.

“காங்கேசன்துறைக்கு எப்பிடிப் போறீங்க?”

மூன்று மாதமாக அந்த வரி அங்கேயே இருந்திருக்கிறது. ‘முதல் நாள் இரவு 10 மணி, மட்டக்களப்பிலிருந்து புறப்பாடு, நம்ம வான்.’ பெரியத்தான்தான் ஓட்டுவார். காலை ஆறு மணிக்குக் கடை திறந்து இரவு எட்டுக்குப் பூட்டுகிறவர். பூட்டி, குளித்து, சாப்பிட்டு, சாமான் ஏற்றி, திருகோணமலைக்கும் ஹொரவப்பொத்தானைக்கும் இடையில் யானை நிற்கும் நேரத்தில் அந்த வீதியில், விடியக் காங்கேசன்துறையில் நிற்க வேண்டும். பதினொரு பேரும் அதே வண்டியில். இருபத்தைந்து மணித்தியாலம் என்று இன்னொரு நாட்டுச் சாரதிக்குக் கணக்குப் போட்ட நான், இதை எத்தனை தடவை வாசித்திருப்பேன்! நம்ம வான், நம்ம றோட்டு, நம்ம அத்தான் என்பதால் கண் வழுக்கிக்கொண்டு போயிருக்கிறது. வெலிக்கந்தைக்கும் ஓட்டமாவடிக்கும் நடுவில் இருந்த அந்த ஊரைப் போல.

இதை மச்சாளிடம் சொல்லவில்லை, குழுவிலும் போடவில்லை. பெரியத்தானுக்குத் தனியாக எழுதினேன். அவருடைய ஓட்டத்தைச் சந்தேகப்படுகிறேன் என்று நினைத்துவிடக் கூடாதே என்று நாலு தரம் எழுதி அழித்தேன். இரவு ஒன்பதரைக்கு அனுப்பினேன். நீலக் கோடு விழுந்தது. பதில் வரவில்லை.

விடிய ஏழு மணிக்குக் கேற்றடியில் மோட்டார் சைக்கிள் சத்தம். இறங்கவில்லை, எஞ்சினையும் நிற்பாட்டவில்லை, ஹெல்மெட்டோடு இருந்தபடியே சொன்னார்.

“கடைய ஒரு நாள் பூட்டுறன். முதல் நாள் காலையிலயே வெளிக்கிட்டுப் பகல்ல போவம். யாழ்ப்பாணத்துல படுப்பம்.” கொஞ்சம் யோசித்துவிட்டு, “பகல்ல எண்டா போற வழியில கோணேசரையும் கும்பிட்டுட்டுப் போகலாம்தானே? அம்மாவுக்கு விருப்பமா இருக்கும், கேட்டுப் பாருங்க” என்றார்.